ஆகாயத்துக்குத் தெரிந்த ஊர்

பிள்ளைகளா, நம் ஊர் ஆகாயத்திலிருந்து பார்த்தாலே தெரியும் என்று நீங்கள் இருவரும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அது உண்மைதான். ஆனால் தெரிந்ததால் என்ன ஆயிற்று என்பதைச் சின்னவள் ஒரு விதமாகவும் பெரியவள் வேறு விதமாகவும் சொல்கிறீர்கள். மேலத்தோட்டத்து மாமா சொல்வது மூன்றாவது விதம். அதில் அவர்தான் கதாநாயகர். அதனால் நான் பார்த்தபடி எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றுபோனவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதலில் பாதையிலிருந்து தொடங்க வேண்டும். செம்பட்டியிலிருந்து நிலக்கோட்டை போகிற ரோட்டில் பஸ் நம்மை இறக்கிவிடும். இறங்கியதும் ஒரு டீக்கடை. அதன் வெளிச்சம் வாய்க்கால் பாலம் வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. பாலத்திலிருந்து நம் வீடுகள் வரைக்கும் கால்மணி நேர நடை. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் மாமாவின் தரிசு. மின்கம்பங்கள் வரிசையாக, ஒழுங்காக நிற்கின்றன. ஒரு கம்பத்திலும் விளக்கு கிடையாது. புதிதாக வருகிறவர்கள் பகலில் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பாதை நெடுகத் தெருவிளக்கு இருக்கிறதே என்பார்கள். நாங்களும் மறுத்துச் சொல்வதில்லை. ஊரைப் பற்றி ஒருவர் நல்லதாக நினைப்பதை ஏன் கெடுக்க வேண்டும்?

பெரியவள் திண்டுக்கல்லில் கல்லூரி முடித்த வருடம், அங்கேயே அரசு வேலைத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு இருப்பதாகச் சொன்னாள். சாயங்கால வகுப்பு. முடிந்து பஸ் பிடித்து வந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். உங்கள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"பாதைக்கு விளக்கு வரட்டும். அப்புறம் வகுப்புக்குப் போகட்டும்."

"அப்பா வந்து கூட்டிட்டு வருவாரும்மா" என்றாள் பெரியவள்.

"ஒங்கப்பாவா? மோட்டாருக்குக் கரண்டு வர்ற நேரத்துல அந்த மனுசன் சோத்துக்கே வர மாட்டாரு. ஒன்னக் கூப்பிடவா வருவாரு?"

இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில்தான் விடுவார்கள். விட்ட நேரத்தில் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பாத்தி காயும். அம்மாவின் பயமும் வெறும் பயமில்லை. முந்தின மழைக்காலத்தில் அந்தத் தரிசிலிருந்து வந்த விரியன் ஒன்று பாதையின் குறுக்கே படுத்திருந்து, அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நகர்ந்து போனது. அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பாதையில் கிடக்கும் கயிறு, குச்சி எல்லாமே விரியன்தான். ஆக, விளக்கு வந்தால் வகுப்பு, வராவிட்டால் இல்லை. பெரியவளின் படிப்பு அந்தக் கம்பங்களில் வந்து மாட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் செவ்வந்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படித்தால் விளங்க வேண்டுமல்லவா? செவ்வந்திக்கு இரவு நீளமானால்தான் மொட்டு வைக்கத் தோன்றும். நட்டதும் அப்படியே விட்டால் செடி சாண் உயரத்திலேயே அவசரமாகப் பூத்துவிடும். அதனால் நட்ட முதல் மாதம், ஒரு மாதத்துக்குச் சற்று மேலே கூட, பாத்திக்கு மேல் வரிசையாக பல்பு கட்டி இருட்டிய பிறகும் எரியவிடுவோம். இன்னும் பகல்தான் என்று செடி நம்பிக்கொண்டு வளரும். போதுமான உயரம் வந்ததும் விளக்கை அணைப்போம். செடி திடுக்கிட்டு, ஐயையோ நாள் குறுகிவிட்டதே என்று மொட்டு வைக்கும். ஏமாற்று வேலைதான். ஆனால் காசு கட்டி, தனி மீட்டர் வைத்து ஏமாற்றுகிறோம்.

நம் வயல்கள் ஊருக்குக் கீழ்ப்புறம் ஒரே தொகுப்பாகக் கிடக்கின்றன. அம்புட்டுப் பேரும் செவ்வந்தி. எல்லாரும் விளக்குப் போட்டால் கண் கூசும். ஆனால் பல்புகள் இடுப்பளவு உயரத்தில், தொப்பி போட்டுச் செடியைப் பார்த்துத் தொங்குவதால் பாதைக்கு அதிலிருந்து ஒரு துளி வெளிச்சம் வராது. அந்த ஜொலிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தால் காலடி இன்னும் கறுப்பாகத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவள் ஒரு சாயங்காலம் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பூகோளப் பாடத்துக்காக டீச்சர் பார்க்கச் சொன்னாராம். இரவில் பூமி எப்படி இருக்கிறது என்று செயற்கைக்கோள் எடுத்த படம்.

எனக்கு அது முதலில் அடுப்பிலிருந்து தெறித்த தீப்பொறி மாதிரி இருந்தது. விரலால் இழுத்து இழுத்து நம் பக்கம் கொண்டுவந்தாள். மதுரை கொட்டிவைத்த அரிசி மாதிரிக் கிடந்தது. திண்டுக்கல் ஒரு கைப்பிடி. அங்கிருந்து பழனி வரைக்கும் ரோடு ஒரு நூல், நடுவில் நடுவில் முடிச்சு. சிறுமலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, சுத்தக் கறுப்பு. எங்கேயோ ஒரு கடலின் நடுவில்கூட வெளிச்சம் இருந்தது. அது என்ன ஊர் என்று கேட்டேன். ஊர் இல்லை, மீன் பிடிக்கிற படகுகள் விளக்குப் போட்டு மீனை வரவழைக்கின்றன என்று சின்னவள் படித்துக் காட்டினாள். கேட்டதும் அந்தப் படகுக்காரர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அங்கே மீனை ஏமாற்றுகிறார்கள், இங்கே நாங்கள் செவ்வந்தியை.

"ப்பா, செம்பட்டிக்குக் கிழக்க பாருங்க" என்றாள். "இந்தப் பொட்டு நம்ம ஊரு."

செம்பட்டிக்குச் சரிக்குச் சரியாக ஒரு பொட்டு. நம்ப முடியவில்லை. செம்பட்டியில் பஸ் நிலையம் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, ஓட்டல் இருக்கிறது. நம் ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை, அதுவும் கடைக்காரர் சாப்பிடப் போனால் பூட்டு. ஆகாயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேலத்தோட்டத்து மாமாவுக்குச் செய்தி போக அரைமணி நேரம் ஆகவில்லை. அவர் உங்கள் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான், ஊருக்கு வார்டு மெம்பர். வந்தார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏ மாப்ள, இதுல என் தோட்டம் எது?"

"இம்புட்டுக்காணு பொட்டுல உங்க தோட்டத்தத் தனியா எங்க தேட, மச்சான்?"

"என்னப்பா இப்படிச் சொல்ற? இருக்கதுலயே பெரிசு என்னோடது. இரு, போயிக் காட்டுறேன்."

போய்விட்டார். செத்த நேரத்தில் போன் அடித்தது.

"மாப்ள, இப்ப மெயினை அணைச்சிட்டேன். பாரு, அந்தப் பொட்டுல எந்த மூலை அணைஞ்சிருக்கு?"

சின்னவள் போனை வாங்கினாள். "மாமா, இது இப்ப எடுக்குற படம் இல்ல. மேகம் இல்லாத ராத்திரியாப் பாத்து எடுத்து, எல்லாத்தையும் சேத்து ஒரே படமாப் பண்ணிருக்காங்க. போன வருசத்துது."



"போன வருசம் நான் வடக்குப் பாத்தியில நடவே இல்லையே, ஆத்தா!" என்றார் மாமா. புதுச் சட்டை எடுப்பதற்கு முந்தின நாள் போட்டோ பிடித்துவிட்டார்கள் என்பது போல ஒரு வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

அதற்கடுத்து வந்த கிராம சபைக் கூட்டத்தில் நான் எழுந்து பாதை விளக்கைப் பற்றிப் பேசினேன். அதுவரை நான் அங்கே பேசியதில்லை. பிள்ளை வகுப்புக்குப் போக வேண்டும், பாம்பு நடமாட்டம் இருக்கிறது, கம்பம் இருக்கிறது, விளக்கு மட்டும் மாட்டினால் போதும் என்றேன். மாமாவும் மெம்பர் என்ற முறையில் எழுந்து, "நியாயமான கோரிக்கை" என்றார். மனு போனது. சில வாரம் கழித்து, நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. இருட்டைப் பார்க்க வேண்டும் என்பதால் சாயங்காலம்தான் வருவாராம். மனுசன் விவரமானவர், ஒழுங்காகப் பார்த்து எழுதுவார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பெரியவள் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டே வந்துவிட்டாள்.

அவர் வந்த அன்று பாலத்தருகே போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர்! நடுவில் அந்தச் செயற்கைக்கோள் படம். நம் ஊர்ப் பொட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம், வட்டத்திலிருந்து நாலாபக்கமும் சூரியன் மாதிரிக் கதிர். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் கும்பிட்ட கையுமாக மாமா. 'விண்ணிலும் ஒளிரும் எங்கள் ஊருக்கு வருகை தரும் அதிகாரி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' இருட்டில் தெரியாமல் போய்விடக் கூடாதென்று இரண்டு போகஸ் லைட் வேறு.

"என்ன மச்சான் இது?"

"ஒரு ஆபீசர் வாராரு. பேனர் இல்லாம எப்படி? நம்ம ஊருக்குப் பெருமைன்னு சொல்லிக்க வேற என்ன இருக்கு, நீயே சொல்லு மாப்ள."

உண்மையாகவே வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி பழனிப் பக்கத்துக்காரர். பேச்சில் மரியாதை சொட்டியது. ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது பேனர். பேனருக்குப் பின்னால் தூரத்தில், கீழ்ப்புற வயல் முழுக்கத் திருவிழா மாதிரி விளக்கு.

"ஏனுங்க, இது நம்ம ஊருங்களா? செயற்கைக்கோள்லயே தெரியுதுங்களா?"

"ஆமா சார்! செம்பட்டிக்குச் சமமா!" என்றார் மாமா. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அதிகாரி பேனரைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பாதையில் நடந்தோம். அவர் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டார். நான் முன்னால், கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கால் மடங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்துங்க சார், இருட்டு" என்றேன். "ஆமாங்க, நல்ல இருட்டுங்க" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கால் மடங்கிய மனிதர் பொய்யாக எழுத மாட்டார் என்று நம்பினேன்.

திரும்பி வந்து பேனரின் போகஸ் வெளிச்சத்தில் நின்று குறிப்பு எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. விளக்கே இல்லாத ஊருங்க வரிசையா காத்துட்டு இருக்குதுங்க. முதல்ல அவங்களுக்குத்தானுங்களே குடுக்க முடியும்?"

"சார், அது செடிக்குப் போட்ட விளக்கு. மனுசங்களுக்கு இல்ல."

"இருக்கட்டுங்க. படத்துல ஊரு பளிச்சுன்னு இருக்குதுங்களே. நாளைக்கு மேல இருக்கவங்க இதப் பாத்துட்டு, அங்க எதுக்குய்யா விளக்குன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் எது யாருக்கான வெளிச்சம் என்று எழுதியிருக்காது. மனிதர் இருக்கிற இடம் கறுப்பு, செவ்வந்தி இருக்கிற இடம் பளிச்சு. ஆகாயத்திலிருந்து பார்ப்பவர் செவ்வந்தியைத்தான் ஊர் என்று எடுத்துக்கொள்வார். அவருக்கு அதைத் தெளிவாகக் காட்ட நாங்களே வட்டமும் போட்டுக் கொடுத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியவள் எழுந்தாள். பை, நோட்டு, பஸ் பாஸ் எல்லாவற்றையும் எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தாள். உங்கள் அம்மாதான் முணுமுணுத்தாள்: "ஆகாசத்துல இருக்கவனுக்கு எல்லாந் தெரியுது. கீழ நடக்குற புள்ளைக்குத்தான் ஒண்ணுந் தெரியல."

மறுநாள் காலையில் மாமா வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"வந்து உக்காருங்கண்ணே" என்றாள் உங்கள் அம்மா. "பேனர்ல ராப்பகலா நின்னுக்கிட்டே இருக்கீங்க, காலு வலிக்கும்."

"அடி ஏன்த்தா, நானே நொந்து போயி வந்திருக்கேன்."

"பேனரக் கழட்டியாச்சா?"

"கழட்டி மாட்டுக்கொட்டாய்க்குக் கூரையாப் போட்டாச்சு."

"ஒங்க மூஞ்சி மேல பாத்து இருக்கா, கீழ பாத்து இருக்கா?"

"மேல பாத்துதான்."

"சரிதான். ஆகாசத்துல இருந்து பாக்குறவுகளுக்குத் தெரியணும்ல."

அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த பெரியவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் மாமா உட்கார்ந்தார். கம்பத்தில் நாமே பல்பு மாட்டினால் என்ன என்று கேட்டார். கம்பம் மின்வாரியத்தின் சொத்து, கை வைத்தால் வழக்குதான் வரும், வெளிச்சம் வராது என்றேன். நாமே தனிக் கம்பு நட்டு விளக்குப் போட்டால்? தோட்டத்து மீட்டரிலிருந்து தெருவுக்கு விளக்கா என்று அதற்கும் கேள்வி வரும். மனிதர் நடக்க விளக்கு என்றால் ஆயிரம் விதி. செவ்வந்திக்கு என்றால் ஒரு வாரத்தில் மீட்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு அது தோன்றியது.

"மச்சான், பாதையோரம் ஒங்க தரிசு சும்மாதான கிடக்கு?"

"கிடக்கு. வெரியன்தான் குடியிருக்கு."

"அதுல பாதைய ஒட்டி ரெண்டே வரிசை செவ்வந்தி நடுறேன். செடி இருந்தா மேல விளக்குப் போட்டுத்தான ஆகணும்?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார். "ஏலே மாப்ள! பாலத்துல இருந்து ஒங்க வீடு வரைக்கும் நட்டுக்க. குத்தகை கித்தகைன்னு வாயைத் தொறந்த, அடிப்பேன்."

அப்படித்தான் அந்த வரிசை வந்தது. முள்ளை வெட்டி, தரிசை உழுது, வாய்க்காலிலிருந்து தண்ணீர் கட்டி நட்டோம். பல்புக்குத் தொப்பி போடவில்லை, தலைக்கு மேல் உயர்த்திக் கட்டினேன். செடிக்குப் பாதி, பாதைக்குப் பாதி. முதல் நாள் உங்கள் அம்மா தானே பாலம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். "குச்சி இப்பக் குச்சியாவே தெரியுது" என்றாள். பெரியவள் அலமாரியிலிருந்து பையை எடுத்தாள்.

கார்த்திகை பிறந்ததும் கீழ்ப்புறத்தில் ஒவ்வொருவராக விளக்கை அணைத்தார்கள். செடி உயரம் கண்டுவிட்டது, இனி மொட்டுக்கு விட வேண்டும். மாமாவும் அணைத்தார். நானும் என் வயலில் அணைத்தேன். பாதை வரிசை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மாப்ள, அதையும் அணை. இனியும் எரியவிட்டா மொட்டே வராது."

"வகுப்பு முடியலையே, மச்சான்."

மார்கழியில் வயல் முழுக்க மஞ்சள். பாதையோரம் மட்டும் இலை, இலை, இலைதான். செடி என் மார்பளவுக்கு வந்துவிட்டது. காற்றுக்குச் சாய்ந்ததைக் கயிறு கட்டி நிறுத்தினேன். பூப்பறிக்க வருகிற பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். ஒருத்தி நின்று கேட்டாள்: "ஏண்ணே, இது என்ன கீரை? கட்டு என்ன வெல?" மற்றவர்கள் சிரித்தது பாலம் வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து ஊரில் அதற்குக் கீரைப்பாதை என்று பெயர்.

அந்தப் பெயர் பெரியவள் காதுக்கும் போனது. பூக்காரன் மகளுக்குக் காரணம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள்.

"ப்பா, நாளைக்கு அந்த லைட்ட அணைச்சிருங்க. இப்ப அணைச்சாலாவது மாசிக்குப் பூ வரும். நான் போன் டார்ச்சுல வந்துக்கிருவேன்."

"ஒனக்குத் தேர்வு எப்ப?"

"மாசி கடைசில."

"அதுவரைக்கும் அந்த ரெண்டு வரிசைக்கும் பகல்தான்."

"அம்புட்டுச் செடியும் வீணாப் போகுதுப்பா. ஊரே சிரிக்குது."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் சத்தம் வந்தது: "அணைக்கிற சோலியெல்லாம் நீ பாக்க வேணாம். வந்து சாப்புடு, வெஞ்சனம் ஆறுது."

அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மோட்டாரில் ஏதோ கோளாறு. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதை விளக்கைப் போட மறந்து, நினைவு வந்ததும் ஓடினேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் மடையைத் திறந்து, பூக்காத அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு அப்பால் ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்பினாள்.